கேட் புஷ்ஷின் பத்து ஆல்பங்களை வரிசைப்படுத்துவது எப்படி

1978இலிருந்து 2011 வரை இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ் போட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள் பத்தே பத்து. ஒருவருடைய ஆல்பங்களை வரிசைப்படுத்திப் பழக நினைப்பவருக்கு இதைவிடத் தோதான ஆள் இங்கிலாந்தில் கிடைக்க மாட்டார். எல்விஸ் காஸ்டெல்லோவிடம் போனால் முப்பதைத் தாண்டி எண்ண வேண்டும், பாதியிலேயே மூச்சு வாங்கும். நிக் ட்ரேக் உயிரோடு இருந்தபோது போட்டது மூன்றுதான், அதில் வரிசைப்படுத்த என்ன இருக்கிறது? பத்து அளவான எண். எல்லாவற்றையும் முழுசாகக் கேட்டுவிடலாம். ஆனால் பத்தையும் ஒரே நேரத்தில் மனசில் நிறுத்திப் பார்க்க முடியாது. அதனால் ஒரு முறை வேண்டியிருக்கிறது.

நான் சென்னையில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு பார்க்கிறவன். பகலெல்லாம் அடுத்தவர் மூச்சையும் உதட்டுச் சத்தத்தையும் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருப்பது என் பிழைப்பு. அந்தப் புத்தி இந்த வரிசையிலும் தெரியும். உங்களுக்கு வேறு காது இருந்தால் என் வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு முறையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் எடை போடப்போவது ஆல்பங்களை, பாட்டுகளை அல்ல. இதை ஒப்புக்கொள்ளாதவர் யாருமில்லை, ஆனால் பேனாவை எடுத்ததும் பாட்டுக்குப் பாட்டு மார்க் போட்டுச் சராசரி எடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட் புஷ்ஷிடம் அந்தக் கணக்கு நிற்காது. 'ஏரியல்' ஆல்பத்தில் 'தி பெயின்டர்ஸ் லிங்க்' என்று ஒரு துண்டு இருக்கிறது. மழை வந்து ஓவியனின் சாயம் வழிகிறது, அவ்வளவுதான். தனியாக எடுத்து மார்க் போட்டால் பத்துக்கு மூன்று தேறாது. ஆனால் அதை எடுத்துவிட்டால் அடுத்து வரும் 'சன்செட்' எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. சராசரி பார்த்தால் அந்த மூன்று மார்க் ஆல்பத்தைக் கீழே இழுக்கும். உண்மையில் ஆல்பத்தைத் தாங்கிப் பிடிப்பதே அதுதான்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது

ஸ்டுடியோ ஆல்பம் மட்டும் என்று கோடு கிழித்துவிடுங்கள். 1986இல் வந்த 'தி ஹோல் ஸ்டோரி' தொகுப்பு, அதனால் வெளியே. அதில் 'வுதரிங் ஹைட்ஸ்' பாட்டுக்குப் புதிதாகப் பாடிய குரல் இருக்கிறது, 'எக்ஸ்பெரிமென்ட் ஃபோர்' என்ற புதுப் பாட்டும் இருக்கிறது. இருந்தாலும் தொகுப்பு தொகுப்புதான். 2014இல் லண்டன் ஹேமர்ஸ்மித் அப்பல்லோவில் 22 இரவுகள் பாடியதன் பதிவான 'பிஃபோர் தி டான்' மேடைப் பதிவு, அதுவும் வெளியே. எனக்கு வலிப்பது 'அண்டர் தி ஐவி'. பியானோவும் குரலும் மட்டும், இரண்டு நிமிஷச் சொச்சம். அவருடைய தலைசிறந்த ஐந்து பாட்டுகளில் அதைச் சேர்ப்பேன். ஆனால் அது 1985இல் ஒரு சிங்கிளின் (தனிப் பாட்டுக்காக வரும் சின்ன இசைத்தட்டின்) பின்பக்கத்தில் வந்தது. ஆல்பத்தில் இல்லாததை ஆல்பத்தின் கணக்கில் ஏற்ற முடியாது.

சிக்கல் பண்ணுவது 'டைரக்டர்ஸ் கட்'. 2011 மே மாதம் வந்தது. பதினொரு பாட்டு, ஒன்றுகூடப் புதுசு கிடையாது. நான்கு 'தி சென்சுவல் வேர்ல்ட்' ஆல்பத்திலிருந்து, ஏழு 'தி ரெட் ஷூஸ்' ஆல்பத்திலிருந்து. குரலைத் திரும்பப் பாடி, டிரம்ஸை மாற்றி, சிலவற்றை அடியிலிருந்தே புதிதாகப் பதிவு செய்திருக்கிறார். பலர் இதைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன். அவரே அதை ஆல்பமாக வெளியிட்டிருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல நமக்கென்ன அதிகாரம்? ஒரு நிபந்தனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: அதை மூல ஆல்பங்களோடு ஒப்பிடும்போது பழைய பாட்டா புதுப் பாட்டா என்று ஒவ்வொன்றாகச் சண்டை மூட்டிவிடக் கூடாது. முழு ஆல்பத்துக்கு முழு ஆல்பம்தான் ஒப்பீடு.

இருந்தாலும் ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. 1989இல் 'தி சென்சுவல் வேர்ல்ட்' தலைப்புப் பாட்டுக்கு ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவல் முடிவில் மாலி ப்ளூம் தனக்குள் பேசிக்கொள்ளும் வரிகளை அப்படியே வைக்க ஆசைப்பட்டார். ஜாய்ஸின் உரிமையாளர்கள் அனுமதி தரவில்லை. அதனால் அதே மனநிலையைத் தன் சொந்த வரிகளில் எழுதினார்: அந்தப் பெண் புத்தகப் பக்கத்தை விட்டு இறங்கி வெளியுலகுக்கு வருகிறாள். இருபது வருஷத்துக்குப் பிறகு அனுமதி கிடைத்தது, 'ஃப்ளவர் ஆஃப் தி மவுண்டன்' என்ற பெயரில் ஜாய்ஸின் வரிகளோடு திரும்பப் பாடினார். இரண்டையும் கேட்டுப் பாருங்கள். அனுமதி மறுத்தவர்களுக்கு நான் நன்றி சொல்வேன்.

அடுத்தது எந்தப் பதிப்பு. இதை எழுதி வைத்துக்கொள்ளாமல் வாதம் பண்ணுகிறவர்கள் அதிகம். 2018இல் ஜேம்ஸ் கத்ரியோடு சேர்ந்து எல்லா ஆல்பங்களையும் ரீமாஸ்டர் செய்து, அதாவது பழைய பதிவின் ஒலியைச் சீர்படுத்தி, வெளியிட்டார். அந்தப் பதிப்பில் 'ஏரியல்' கொஞ்சம் மாறியிருக்கிறது. 2005இல் ஓவியனாகப் பேசியது ரால்ஃப் ஹாரிஸ். 2014இல் அவர் பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார். 2018 பதிப்பில் அந்த இடங்களில் கேட் புஷ்ஷின் மகன் பெர்ட்டியின் குரல் வருகிறது. எனக்கு அது மேலாகவே படுகிறது. ஆல்பமே அம்மாவும் பிள்ளையும் இருக்கிற வீடு, அங்கே பிள்ளையின் குரல் பொருந்திப்போகிறது. 'தி சென்சுவல் வேர்ல்ட்' எல்.பி.யில் (இரண்டு பக்கமும் ஓடும் இசைத்தட்டில்) பத்துப் பாட்டு, சி.டி.யில் பதினொன்று. எல்.பி. 'திஸ் வுமன்ஸ் வொர்க்' பாட்டோடு முடியும். சி.டி. அதற்கப்புறம் இன்னொரு பாட்டை நீட்டிவிடும். எல்.பி. வரிசையையே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டுக்குப் பிறகு எதுவும் ஓடக் கூடாது.

எப்படிக் கேட்பது

ஒரு நாளைக்கு ஒரு ஆல்பம். ஷஃபிள் கூடாது. முதல் சுற்றை வெளிவந்த வரிசையிலேயே கேளுங்கள். பதினாறு வயதில் பதிவான ஒரு பாட்டிலிருந்து ('தி மேன் வித் தி சைல்ட் இன் ஹிஸ் ஐஸ்', 1975, செலவைப் பார்த்துக்கொண்டது பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோர்) ஐம்பத்து மூன்று வயதுக் குரல் வரைக்கும் எப்படிக் கீழே இறங்கி, கனத்து, நிதானப்படுகிறது என்பது அப்போதுதான் புரியும். இரண்டாம் சுற்றில் அந்த வரிசையைக் கலைத்துவிடுங்கள். வருஷப்படியே கேட்டால் 'வளர்ந்தார், உச்சிக்குப் போனார், சறுக்கினார், திரும்பி வந்தார்' என்ற கதை தானாக ஓட ஆரம்பிக்கும். அந்தக் கதை ஆல்பத்தைக் கேட்கவிடாது.

1985 வரை வந்த ஐந்தும் எல்.பி.க்காகச் செய்தவை. பக்கம் திருப்பும் இடைவெளி அவற்றில் ஒரு பகுதி. 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' முதல் பக்கத்தில் ஐந்து பாட்டு. கடைசியான 'க்ளவுட்பஸ்டிங்' ஒரு நீராவி இயந்திரத்தின் சத்தத்தோடு நிற்கும். பின்பக்கம் 'தி நைன்த் வேவ்', ஏழு பாட்டில் ஒரே கதை: கப்பல் விபத்துக்குப் பிறகு இரவில் நடுக்கடலில் தனியாக மிதக்கும் ஒரு பெண், விடியும் வரை. செயலியில் போட்டால் நீராவி அடங்குவதற்குள் கடல் வந்துவிடுகிறது. அங்கே நிறுத்துங்கள். எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு இரண்டாம் பக்கத்தைக் கேளுங்கள். 'ஏரியல்' இரட்டை ஆல்பம். அதன் இரண்டாம் தட்டான 'எ ஸ்கை ஆஃப் ஹனி' சுமார் 42 நிமிஷம். நடுவில் எழுந்திருக்கவே கூடாது. போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

ஒரு தடவை ஸ்பீக்கர், ஒரு தடவை ஹெட்ஃபோன். 'தி ட்ரீமிங்' ஸ்பீக்கரில் கூச்சலாகக் கேட்கும், ஹெட்ஃபோன் மாட்டினால்தான் அந்தக் கூச்சலுக்குள் எத்தனை அறைகள் இருக்கின்றன என்று தெரியும். 'ஃபிஃப்டி வேர்ட்ஸ் ஃபார் ஸ்நோ' இதற்கு நேர் எதிர். அதற்குக் காற்று வேண்டும், அறை வேண்டும், கொஞ்சம் தூரம் வேண்டும்.

பாட்டு வரிகளை இரண்டாம் தடவைதான் வாசிக்க வேண்டும். முதல் தடவை புரியாதது புரியாமலே இருக்கட்டும்.

கையில் ஒரு நோட்டு. மார்க் எழுதாதீர்கள். மூன்றே விஷயம் குறித்தால் போதும்: எந்த இடத்தில் கை போனைத் தேடியது, எந்தப் பாட்டு வரும் என்று காத்திருந்தீர்கள், மறுநாள் காலையில் குளிக்கும்போது என்ன ஓடியது. மூன்றாவதை மறுநாள்தான் எழுத வேண்டும், அன்றைக்கே ஊகித்து எழுதினால் பொய்யாகிவிடும்.

பிரபலமான பாட்டை உருவிவிட்டுப் பாருங்கள்

இதுதான் என் முறையின் மையம். ஒவ்வொரு ஆல்பத்திலும் ஊருக்கெல்லாம் தெரிந்த பாட்டு ஒன்று இருக்கும். அதைத் தவிர்த்துவிட்டு மிச்சத்தைக் கேளுங்கள். ஆல்பம் நிற்கிறதா, சரிகிறதா?

இது கட்டாயம் என்பதற்குக் காரணம் 2022. 'ரன்னிங் அப் தட் ஹில்' 1985இல் பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை வந்த பாட்டு. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் வந்த பிறகு 37 வருஷம் கழித்து முதலிடம் பிடித்தது. அதற்கப்புறம் கேட் புஷ்ஷைக் கேட்க வந்தவர்கள் அந்தப் பாட்டின் வழியாகவே 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' ஆல்பத்துக்குள் நுழைகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஆல்பம் முதலிடத்துக்குத் தகுதியா, பாட்டு அதைத் தூக்கி வைத்திருக்கிறதா என்பது உருவிப் பார்த்தால்தான் தெரியும்.

உருவிப் பார்த்தேன். ஆல்பம் அசையவில்லை. அதன் பலம் பின்பக்கத்தில் இருக்கிறது, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டுகூட சிங்கிளாகப் போகவில்லை.

'தி கிக் இன்சைட்' ஆல்பத்திலிருந்து 'வுதரிங் ஹைட்ஸ்' பாட்டை எடுத்துவிடுங்கள். 1978 மார்ச்சில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. ஒரு பெண் தானே எழுதித் தானே பாடி பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது அதுவே முதல் தடவை. அதை எடுத்தும் ஆல்பம் நிற்கிறது. ஏனென்றால் மிச்சம் பன்னிரண்டிலும் அதே பெண்தான் இருக்கிறாள், அதே துணிச்சல், அதே பியானோ. ஆனால் 'லயன்ஹார்ட்' ஆல்பத்திலிருந்து 'வாவ்' பாட்டை எடுத்தால் வீடு காலியாகிவிடுகிறது. அது அவருடைய தப்பில்லை. முதல் ஆல்பம் பிப்ரவரியில், இரண்டாவது அதே வருஷம் நவம்பரில். கம்பெனி அவசரப்படுத்தியது, புதிதாக எழுத நேரமில்லை. பத்துப் பாட்டில் மூன்றுதான் புதுசு, மிச்சமெல்லாம் பழைய நோட்டிலிருந்து எடுத்தவை.

'நெவர் ஃபார் எவர்' விஷயத்தில்தான் எனக்கு ஆச்சரியம். 'பாபூஷ்கா' பாட்டை எடுத்துவிட்டால் கலகலத்துப்போகும் என்று நினைத்தேன். மாறாக, முடிவில் வரும் 'ஆர்மி ட்ரீமர்ஸ்', 'ப்ரீதிங்' இரண்டும் இன்னும் கனமாக வந்து விழுந்தன. ஒன்றில் பட்டாளத்தில் மகனைப் பறிகொடுத்த தாய். மற்றதில் அணுகுண்டு வெடித்த பிறகு தாயின் மூச்சு வழியாகவே விஷத்தை உள்ளே வாங்கும் கருவிலுள்ள குழந்தை. 1980இல் இருபத்திரண்டு வயதில் இப்படி ஒரு முடிவு. பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பிரிட்டிஷ் தனிப் பாடகி இந்த ஆல்பத்தால்தான் ஆனார்.

இரண்டிரண்டாக மோதவிடுங்கள்

பத்து ஆல்பங்களை எல்லா ஜோடியாகவும் ஒப்பிட்டால் 45 ஒப்பீடு வரும். அவ்வளவு தேவையில்லை. இரண்டை எடுத்து எது மேல் என்று முடிவு செய்யுங்கள். மூன்றாவது ஆல்பம் வந்ததும் அதற்கு இடம் தேடுங்கள். பட்டியல் நீள நீள, புதிதாக வருவதை நேராக நடுவில் இருப்பதோடு மோதவிடுங்கள். வென்றால் மேல் பாதி, தோற்றால் கீழ்ப் பாதி. அந்தப் பாதியிலும் நடுவில் இருப்பதோடு அடுத்த மோதல். இப்படிப் போனால் பத்துக்கும் சேர்த்து அதிகபட்சம் 25 ஒப்பீட்டில் வேலை முடியும். முதலிடம் யாருக்கு என்று முதலிலேயே யோசிக்க வேண்டியதில்லை, அது தானாக மேலே வந்து நிற்கும். உட்கார்ந்தவுடன் முதலிடத்தை முடிவு செய்பவர்கள் மிச்சம் ஒன்பதையும் அதற்கு வக்காலத்து வாங்கத்தான் எழுதுகிறார்கள்.

ஒவ்வொரு மோதலிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஏதாவது ஒரு பாட்டை எடுத்தால் எந்த ஆல்பம் அதிகமாகத் தளர்கிறது? தளர்வது எதுவோ அதுதான் இறுக்கமாகக் கட்டிய ஆல்பம், அது மேலே. மேலே சொன்னதற்கு இது முரண்போலத் தெரியலாம். இல்லை. பிரபலமான பாட்டை மட்டும் எடுத்ததும் சரிகிற ஆல்பம் ஒற்றைத் தூணில் நிற்கிறது. எந்தப் பாட்டை எடுத்தாலும் ஏதோ குறைகிற ஆல்பத்தில் எல்லாமே தூண். கதை சொல்லும் ஆல்பங்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் சலுகை தருகிறது என்பதும் உண்மை. அதனால் சமமாக வந்தால் நோட்டைப் பாருங்கள்: எதில் கை போனைத் தேடவில்லையோ அது மேலே.

எனக்கு வந்த வரிசை

கீழிருந்து. பத்தாவது 'தி ரெட் ஷூஸ்'. 1993. எரிக் கிளாப்டன், ஜெஃப் பெக், பிரின்ஸ் என்று பெரிய ஆட்கள் எல்லாம் வந்துபோகிறார்கள், வீட்டுக்காரரைத்தான் காணோம். சத்தமும் அந்தக் காலத்து டிஜிட்டல் பதிவின் கண்ணாடித்தனத்தோடு காதைக் குத்துகிறது. அம்மா இறந்து ஓராண்டு கடந்திருந்த நேரம். அந்தத் துக்கமெல்லாம் 'மொமென்ட்ஸ் ஆஃப் ப்ளெஷர்' பாட்டில் திரண்டு நிற்கிறது. இறந்துபோன நண்பர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடும் பாட்டு. 1979 சுற்றுப்பயணம் தொடங்கும் வேளையில் கீழே விழுந்து இறந்த விளக்குக் கலைஞரும் அதில் வருகிறார். அந்த ஒரு பாட்டுக்காக ஆல்பத்தை மேலே ஏற்றத் தோன்றும். ஏற்றாதீர்கள், ஒற்றைத் தூண் என்பது இதுதான்.

ஒன்பதாவது 'டைரக்டர்ஸ் கட்'. சத்தம் எவ்வளவோ மேல், அனலாக் டேப்பின் உடம்பு இருக்கிறது. ஆனால் 'டீப்பர் அண்டர்ஸ்டாண்டிங்' பாட்டில் கம்ப்யூட்டருக்குக் குரல் கொடுத்த விதம் எனக்கு ஒப்பவில்லை. 1989இல் கம்ப்யூட்டராகப் பாடியது பல்கேரியாவின் ட்ரியோ பல்கார்கா பெண்கள். இயந்திரம் பேசும்போது மனிதர் குரலிலேயே மிகப் பழசான ஒன்று கேட்கும், அதில்தான் மயக்கம். புதிய பதிவில் ஆட்டோ-ட்யூன் போட்ட குரல். கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் மாதிரியே பேசுகிறது. அதில் என்ன இருக்கிறது?

எட்டு 'லயன்ஹார்ட்', ஏழு 'தி சென்சுவல் வேர்ல்ட்', ஆறு 'நெவர் ஃபார் எவர்'. ஐந்து 'ஃபிஃப்டி வேர்ட்ஸ் ஃபார் ஸ்நோ': ஏழு பாட்டு, 65 நிமிஷம், எல்லாமே பனி. அவசரக்காரர்கள் இதைப் பத்தாவதில் வைப்பார்கள். தலைப்புப் பாட்டில் நடிகர் ஸ்டீஃபன் ஃப்ரை பனிக்கு ஐம்பது பெயர்களை வரிசையாகச் சொல்கிறார், பாதி கேட் புஷ் தானே கட்டியவை. அதை மட்டும் நான் தாண்டிப் போவதுண்டு. ஆனால் பதின்மூன்று நிமிஷத்துக்கும் மேல் ஓடும் 'மிஸ்ட்டி' பாட்டில், தான் செய்த பனிமனிதனோடு ஒரு பெண் இரவைக் கழிக்கிறாள், காலையில் மெத்தை நனைந்திருக்கிறது. கேட்டால் சிரிப்பு வர வேண்டும். ஸ்டீவ் காட் டிரம்ஸில் ப்ரஷ்ஷால் தடவிக்கொண்டே போகிறார், சிரிப்பு வரவில்லை.

நான்கு 'தி கிக் இன்சைட்'.

மூன்றும் இரண்டும்தான் எங்கள் ஸ்டுடியோவில் பெரிய பஞ்சாயத்து. 'தி ட்ரீமிங்' 1982. முதன்முறையாக முழுக்கத் தானே தயாரித்தது. ஃபேர்லைட் என்ற சாம்ப்ளர் கையில் கிடைத்துவிட்டது, எந்தச் சத்தத்தையும் வாத்தியமாக்கலாம். 'ஹூடினி' பாட்டுக்காகப் பாலும் சாக்லேட்டும் சாப்பிட்டுக் குரலில் சளி கட்டவைத்துப் பாடியதாக அவரே சொல்லியிருக்கிறார். மைக்குக்கு முன்னால் வருகிறவர்களிடம் ரெக்கார்டிங் அன்றைக்குப் பால் குடிக்காதீர்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறவன் நான். கடைசிப் பாட்டான 'கெட் அவுட் ஆஃப் மை ஹவுஸ்' முடிவில் கழுதையாகக் கத்துகிறார். நிஜமாகவே கழுதை. வெளியான பிறகு விமர்சகர்கள் குழம்பினார்கள், சிங்கிள்கள் ஓடவில்லை.

எங்கள் எடிட்டர் அக்காவுக்கு இதுதான் முதலிடம். "தம்பி, மத்த ஆல்பமெல்லாம் நல்லா இருக்கு. இது ஒண்ணுதான் பயமா இருக்கு. பயப்படுத்துறத மேல வைக்காம வேற எதை வைப்ப?" என்றார். நான் உருவிப் பார்க்கும் கேள்வியை எடுத்து நீட்டினேன். 'தேர் கோஸ் எ டென்னர்' பாட்டை எடுத்தால் என்ன குறையும்? கொள்ளையடிக்கப் போய்ப் பயந்து நிற்கும் கூட்டத்தின் வேடிக்கைக் கதை, லண்டன் உச்சரிப்பு, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆல்பம் தளரவில்லை. அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "உன் கேள்வியே 'ஏரியல்' ஜெயிக்கணும்னு எழுதின கேள்வி" என்றார். அதற்கு என்னிடம் முழு பதில் இல்லை.

ஆனாலும் இரண்டாம் இடத்தில் 'ஏரியல்' ஆல்பத்தைத்தான் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் காணாமல்போய் 2005இல் திரும்பி வந்து அவர் என்ன பாடுகிறார்? வாஷிங் மெஷினில் துணி சுற்றுவதை. பை என்ற எண்ணின் இலக்கங்களை ஒவ்வொன்றாக, ஒரு காதலைச் சொல்லும் குரலில். கணக்குத் தெரிந்தவர்கள் நடுவில் ஒரு கொத்து இலக்கம் விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 'பெர்ட்டி' பாட்டு மகனைக் கொஞ்சுவது. எனக்குக் கொஞ்சம் அதிகம், ஆனால் பெற்றவர்களுக்கு அப்படித் தோன்றாதாம். இரண்டாம் தட்டு ஒரு கோடை நாள். மதியம், அந்தி, இரவுக் குளியல், விடிகாலை. கருங்குருவியின் பாட்டு நடுநடுவே வருகிறது. அட்டைப்படத்தில் கடலில் தெரியும் பாறை வரிசையை உற்றுப் பார்த்தால் அது பாறையல்ல, குருவிச் சத்தத்தின் அலைவடிவம். எங்கள் வேலையில் நாள் முழுக்க திரையில் பார்க்கிற அதே வடிவம். கடைசிப் பாட்டில் அவர் குருவியோடு சேர்ந்து சிரிக்கிறார். சிரிப்பைப் பதிவு செய்வது எவ்வளவு கஷ்டம் என்று மைக்குக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள். சொல்லிச் சிரிக்கவைத்த சிரிப்பு இரண்டாவது டேக்கிலேயே செத்துவிடும். இது சாகவில்லை.

முதலிடம் 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்'. வேறு எதையாவது வைத்து ஆச்சரியப்படுத்த ஆசைதான், முறை விடவில்லை. முந்தைய ஆல்பத்துக்குப் பெரிய ஸ்டுடியோக்களில் மணிக்கணக்கில் பணம் கரைந்ததால், பெற்றோர் வீட்டுத் தோட்டத்திலிருந்த தானியக் கொட்டகையில் சொந்த ஸ்டுடியோ கட்டினார். மணியைப் பார்க்காமல் வேலை செய்தவரின் நிதானம் ஆல்பம் முழுக்கத் தெரிகிறது. 'தி நைன்த் வேவ்' பகுதியில் 'வேக்கிங் தி விட்ச்' எழுப்பும் குரல்களோடு தொடங்கித் துண்டுதுண்டாக வெட்டப்பட்ட பேச்சாகச் சிதறுகிறது. 'ஜிக் ஆஃப் லைஃப்' வரும்போது அயர்லாந்து வாத்தியங்கள் பாய்ந்து வருகின்றன: பிடில், பைப்ஸ். அவர் அம்மா அயர்லாந்துக்காரர். சாகக் கிடக்கிறவளை எதிர்காலத்து அவளே வந்து, எனக்காக உயிரோடு இரு என்று அதட்டுகிறாள். 'ஹலோ எர்த்' நடுவில் எல்லா வாத்தியமும் நின்று ஆண்கள் கூட்டமாக ஒரு ஜார்ஜிய நாட்டுப்பாடலைப் பாடுகிறார்கள். எந்த ஒன்றை எடுத்தாலும் அந்தப் பெண் கரைக்கு வந்து சேர மாட்டாள்.

வெளியே காட்டுவதற்கு முன்

ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு வரி காரணம் எழுதுங்கள். காரணம் ஒரு இடத்தைக் காட்ட வேண்டும்: எந்தப் பாட்டு, எந்த நிமிஷம். 'காலத்தால் அழியாதது' மாதிரி வரி வந்தால் அடித்துவிடுங்கள், அது எந்த ஆல்பத்துக்கும் பொருந்தும். எந்தப் பதிப்பு, எதில் கேட்டீர்கள் என்று மேலே குறித்துவிடுங்கள். சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துபோகும். உங்கள் வரிசையை மறுப்பவரிடம் அவருடைய கேள்வி என்ன என்று முதலில் கேளுங்கள். எங்கள் அக்காவின் கேள்வி 'எது பயமுறுத்துகிறது' என்பது. அந்தக் கேள்விக்கு அவர் வரிசைதான் சரி.

வரிசையை அடிக்கடி கலைக்காதீர்கள். புதிதாக ஹெட்ஃபோன் வாங்கிய வாரத்தில் கண்டிப்பாகக் கூடாது. எல்லாம் புதுசாகக் கேட்கும், எல்லாம் மேலே ஏறும். அடியிலிருந்து திரும்பப் போட வேண்டும் என்றால் பழைய நோட்டைப் பார்க்காமல் ஆரம்பியுங்கள், முடித்த பிறகு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024 அக்டோபரில் பி.பி.சி. வானொலியில் பேசும்போது புதிய ஆல்பம் செய்யும் எண்ணம் இருப்பதாகக் கேட் புஷ் சொன்னார். பதினொன்றாவது வந்தால் பழைய வரிசை அப்படியே இருக்கட்டும். ஆறாம் இடத்தில் இருப்பதோடு முதலில் மோதவிடுங்கள், நான்கு ஒப்பீட்டுக்குள் அதற்கு இடம் கிடைத்துவிடும்.